பரத்பூர் ஏரியில் தண்ணீர் உண்டா?

டில்லியில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு இரண்டு நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தால் ஆக்ரா, ஹரித்துவார் என்றுதான் யோசனை ஓடும். மதுராவில் கிருஷ்ணனைத் தரிசித்த கையோடு ஊர் திரும்புகிறவர்கள், அதே மெயின் லைனில் இன்னும் சுமார் 35 கி.மீ. போனால் ராஜஸ்தானத்துப் பரத்பூரில் இறங்கலாம். அங்கேதான் கேவலாதேவ் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. உள்ளே உள்ள சிவன் கோயிலின் பெயரே சரணாலயத்துக்கும் பெயர். உள்ளூர் ஜனங்களுக்கு அது வெறும் 'கானா', அதாவது அடர்ந்த காடு.

பரப்பு சுமார் 29 சதுர கி.மீ. அதில் மூன்றில் ஒரு பங்குதான் நீர்ப்பகுதி. அதுவும் இயற்கை ஏரி அல்ல. பள்ளமான நிலத்தில் கரைகள் போட்டு, அஜான் அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டு உண்டாக்கியது.

செங்கல்பட்டுப் பக்கத்து வாசகர்களுக்கு வேடந்தாங்கல் நினைவு வரும். மழைக்காலத்தில் இங்கே கருவேல மரங்களில் கூடு கட்டும் மஞ்சள் மூக்கு நாரை அங்கேயும் உண்டு. ஆனால் வேடந்தாங்கலில் ஊர்க்காரர்களே பறவைகளைக் காத்தார்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் அவர்கள் வயலுக்கு உரம். பரத்பூரிலோ பறவைகளை வரவழைத்ததே சுடுவதற்காக! 1938-ல் வைஸ்ராய் லின்லித்கோ வந்தபோது ஒரே நாளில் 4,273 பறவைகள் விழுந்தன. கோயிலுக்குப் பக்கத்தில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். படித்தால் பெருமையாக இல்லை; ஆனாலும் அந்தக் கல்லை அகற்றாமல் வைத்திருப்பது சரிதான். மகாராஜாவின் வேட்டை உரிமை 1972 வரை நீடித்தது.

1981-ல் இது ராம்சார் ஒப்பந்தப் பட்டியலிலும், 1985-ல் உலகப் பாரம்பரியச் சின்னங்களிலும் சேர்ந்தது. இதற்கிடையே 1982-ல் தேசியப் பூங்கா என்று சொல்லி, சுற்றுக் கிராமத்தார் எருமை மேய்ப்பதை ஒரேயடியாகத் தடுத்தார்கள். ஜனங்கள் திரண்டார்கள், போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. பிறகு நடந்ததுதான் வேடிக்கை. எருமை இல்லாததால் நீரில் புல் மண்டிக்கொண்டது. பறவை இறங்க இடமில்லை, மீனுக்கும் சிரமம். எருமை புல்லை மட்டாக வைத்திருந்தது என்று பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பல ஆண்டு ஆய்வே சொன்னது. கிராமத்தானுக்கு அது முன்பே தெரிந்திருக்கும். அவனைக் கேட்டவர் யார்?

இன்னொரு தலைவலி தண்ணீர். கம்பீர் நதியின் மேலே பஞ்சனா அணை வந்த பிறகு, மழை பொய்த்த வருடங்களில் கானாவுக்கு வருவது சொட்டுத்தான். மேலே இருக்கும் விவசாயி தன் பங்கைக் கேட்கிறான். அவன் கேட்பதிலும் நியாயம் உண்டு. காவிரிக்காரர்களான நமக்கு இதை விளக்க வேண்டுமா? இப்போது கோவர்த்தன் வடிகாலிலிருந்தும் குழாய் வழியே தண்ணீர் கொண்டுவருகிறார்கள்.

ஒரு காலத்தில் பரத்பூரின் புகழே சைபீரியக் கொக்குதான். தூய வெள்ளை உடலும் சிவந்த முகமுமாக ஆயிரக்கணக்கான மைல் பறந்து வரும். 2002-ல் கடைசி ஜோடி போனது, மறுபடி வரவில்லை. வரும் வழியெல்லாம் துப்பாக்கி என்கிறார்கள்.

மற்றவை வருகின்றன. தலை சிவந்த சாரஸ் கொக்கு ஜோடியாக நிற்கும். குளிர்காலத்தில் மலைப்பாம்பு வெளியே வந்து வெயில் காயும். சுற்றிப் பார்க்கச் சைக்கிள் ரிக்‌ஷாவே மேல். ஓட்டுகிறவர்களுக்கு வனத்துறையே பயிற்சி கொடுத்திருக்கிறது. நம் கண்ணுக்கு வெறும் கிளையாகத் தெரிவதை ஆந்தை என்று காட்டிவிடுவார்கள்.

கிளம்புமுன் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். நல்ல மழை பெய்த வருடமானால் ஆகஸ்டு, செப்டம்பரில் கூடுகளைப் பார்க்கலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெளிநாட்டு வாத்துகள். ஜனவரியில் மூடுபனியால் அந்தத் தடத்தில் வண்டிகள் மணிக்கணக்கில் லேட்டாகும். திங்களன்று ஆபீஸ் போக வேண்டியவர்கள் ஞாயிறு இரவு வண்டியை நம்பாமல் மதியமே ஸ்டேஷனுக்கு வந்துவிடுவது நல்லது.