ஒலிநாடாவில் எஞ்சிய குரல்கள்: பசிபிக்கா வானொலிக் காப்பகமும் பெண்கள் வரலாறும்

முன்னுரை

வானொலி, காற்றோடு கலந்து மறையும் ஊடகம் என்பது பொதுவான கருத்து. ஆயினும் ஒலிபரப்பப்பட்ட நிகழ்ச்சிகள் பேணப்படுமாயின், அவை அச்சு ஆவணங்களால் தர இயலாத சான்றுகளை ஆய்வாளருக்குத் தரவல்லன. அமெரிக்காவின் பசிபிக்கா வானொலிக் காப்பகத்தைச் சான்றாகக் கொண்டு, சமூகச் சிக்கல்கள், பெண்கள், கலைகள் ஆகியவை பற்றிய பழைய நிகழ்ச்சிகளின் ஆய்வுப் பயன்பாட்டையும் அவற்றைப் பேணுவதில் உள்ள இடர்களையும் விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

பசிபிக்காவின் தோற்றம்

இரண்டாம் உலகப் போரில் மனச்சான்றின் அடிப்படையில் படைச்சேவையை மறுத்தவர் லூயிஸ் ஹில். இவரும் இவர்தம் நண்பர்களும் 1946ஆம் ஆண்டில் பசிபிக்கா அறநிறுவனத்தைத் தொடங்கினர். அதன் முதல் நிலையமான கே.பி.எஃப்.ஏ., கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் 1949ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் ஒலிபரப்பைத் தொடங்கியது. பின்னர் லாஸ் ஏஞ்சலிஸ் (1959), நியூயார்க் (1960), ஹூஸ்டன் (1970), வாஷிங்டன் (1977) ஆகிய நகரங்களிலும் நிலையங்கள் எழுந்தன.

இந்நிலையங்கள் விளம்பர வருவாயை நாடாமல், நேயர்களின் நன்கொடையைக் கொண்டே இயங்கின. இவ்வமைப்பு நிகழ்ச்சிகளின் வடிவத்தையும் தீர்மானித்தது. விளம்பரத்திற்காக உரையாடலை இடைநிறுத்த வேண்டிய கட்டாயம் இல்லாமையால், ஒரு நேர்காணல் ஒரு மணி நேரம் வரையிலும் நீள முடிந்தது. பேசுபவர் தயங்குவதும், மீண்டும் தொடங்குவதும், கருத்தை மாற்றிக்கொள்வதும் நாடாவில் அப்படியே பதிவாயின. எதிர்ப்புகளும் இல்லாமல் இல்லை. ஹூஸ்டன் நிலையத்தின் ஒலிபரப்புக் கருவி 1970ஆம் ஆண்டிலேயே இருமுறை குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது.

நிகழ்காலத்தின் சான்று

நினைவுகூர்ந்து சொல்லப்படும் வாய்மொழி வரலாற்றுக்கும், நிகழும் காலத்திலேயே பதிவான ஒலிபரப்புக்கும் அடிப்படை வேறுபாடு ஒன்று உண்டு. மாண்ட்கோமரி நகரப் பேருந்துப் புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்தபோது, 1956ஆம் ஆண்டு ஏப்ரலில் ரோசா பார்க்ஸ் வழங்கிய நேர்காணல் இக்காப்பகத்தில் உள்ளது. உச்சநீதிமன்றத்தின் தீர்ப்பு அவ்வாண்டு நவம்பரில்தான் வந்தது. எனவே, போராட்டத்தின் முடிவை அறியாத ஒருவரின் குரலை நாம் கேட்கிறோம். பிற்காலத்தில் அவரைச் சூழ்ந்த புகழ் அக்குரலில் இன்னும் படியவில்லை. வரலாற்று ஆய்வாளருக்கு இது அரிய சான்றாகும்.

பெண்களும் கலைகளும்

1963 முதல் 1982 வரையிலான பெண்கள் தொடர்பான பதிவுகளை மின்னிலக்கமாக்கும் திட்டம் ஒன்றை இக்காப்பகம் 2013ஆம் ஆண்டளவில் மேற்கொண்டது. ஏறத்தாழ 2,000 பதிவுகள் இத்தொகுப்பில் இடம்பெற்றன. இக்கால எல்லை கருதத்தக்கது. பெட்டி ஃபிரீடனின் பெண்ணிய நூல் வெளிவந்ததும், சம ஊதியச் சட்டம் இயற்றப்பட்டதும் 1963ஆம் ஆண்டில். பெண்களுக்குச் சம உரிமை வழங்கும் அரசியலமைப்புத் திருத்தம், தேவையான 38 மாநிலங்களில் 35இன் ஒப்புதலை மட்டுமே பெற்றுக் காலக்கெடுவைத் தவறவிட்டது 1982ஆம் ஆண்டில். ஆக, ஓர் இயக்கத்தின் எழுச்சியையும் ஏமாற்றத்தையும் ஒருசேர உள்ளடக்கிய காலப்பகுதியாக இதனைக் கொள்ளலாம்.

கலைத்துறையிலும் இத்தகைய சான்றுகள் உள. பின்னாளில் புகழ்பெற்ற திரைத் திறனாய்வாளர் பாலின் கேல், 1950களில் கே.பி.எஃப்.ஏ. நிலையத்தில் ஊதியமின்றித் தம் திறனாய்வுகளை வழங்கினார். பெண்களுக்கு மேடை அளித்த சமூக வானொலி, அவர்களது ஊதியமில்லா உழைப்பையும் சார்ந்திருந்தது என்பதை இங்கு மறத்தல் ஆகாது. மேலும், நேயர்களே புரவலர்களாக இருந்தமையால், நிகழ்ச்சிகள் அவர்களது நாட்டங்களை ஒட்டியே அமைய வாய்ப்புண்டு. ஆகவே, காப்பகத்தைச் சமுதாயம் முழுமையின் கண்ணாடியாகக் கொள்ளாமல், அதன் ஒரு பகுதியினரின் குரலாகக் கொள்வதே முறை.

அழிவும் பேணலும்

ஒலிநாடா நிலையான பொருளன்று. பழைய அசிட்டேட் நாடாக்கள் சிதையும்போது புளிக்காடி நெடி வீசும். நாடா சுருங்கி நொறுங்கும். 1970களிலும் அதனை அடுத்தும் உருவான பாலியெஸ்டர் நாடாக்கள் பலவற்றில், காந்தத் துகள்களைப் பிணைக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுப்பாகிறது. அத்தகைய நாடாவை அப்படியே ஓடவிட்டால் துகள்கள் உரிந்து, பதிவும் அழியும். ஏறத்தாழ 50 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பல மணி நேரம் சூடாக்கினால் அது சில காலத்திற்கு ஓடும் நிலைக்குத் திரும்பும். அதற்குள் ஒலியை மின்னிலக்கக் கோப்பாக மாற்றிவிட வேண்டும்.

ஒலியைக் காப்பது பணியில் பாதியே. பேசியவர் யார், எந்நாளில், எதைப் பற்றி என்னும் விவரப்பதிவு இல்லையேல் காக்கப்பட்ட ஒலியும் கிடைக்காத ஒலியே. நிலையத்தின் பெயரும் தேதியும் மட்டும் எழுதப்பட்ட பெட்டியினுள் ஒரு தொழிலாளிப் பெண்ணின் பேச்சு இருந்தால், அதனைத் தேடி வருபவர் அதைக் கண்டடைய வழியில்லை.

நிதியும் ஓர் இடரே. 2019ஆம் ஆண்டு அக்டோபரில் நியூயார்க் நிலையத்தின் உள்ளூர் நிகழ்ச்சிகளைப் பசிபிக்கா நிறுவனமே நிதி நெருக்கடியைக் காட்டி நிறுத்தியது. ஏறத்தாழ ஒரு மாதத்திற்குப் பின்னரே அவை மீண்டும் தொடங்கின.

முடிவுரை

வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நம் வட்டாரத்தில் மேற்கூறிய சிதைவு விரைந்து நிகழும். மலேசிய, சிங்கைத் தமிழ் வானொலிகளில் எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் பங்களித்த நாடகங்கள், மாதர் நிகழ்ச்சிகள், இலக்கிய உரைகள் ஆகியவற்றின் படிகள் தனியார் இல்லங்களிலும் இருத்தல் கூடும். அவற்றை இயக்குவதற்கு முன், பெட்டியின் மேல் உள்ள குறிப்புகளைப் படியெடுத்தல், பங்கேற்றோரில் இன்று நம்முடன் இருப்பவரிடம் விவரங்களைக் கேட்டு எழுதுதல் ஆகிய இரண்டையும் தமிழாசிரியரும் மாணவரும் பெருஞ்செலவின்றிச் செய்யலாம். நாடாவை மின்னிலக்கமாக்கும் பணி வல்லுநருக்கு உரியது. குரலுக்கு உரியவரை அடையாளம் காட்டும் பணியோ அக்குரலை அறிந்த நமக்கே உரியது.