களையோடு நாற்றையும் பிடுங்கும் கணினிக் காவல்

நெல்லித்தோப்பு என்ற பெயரில்தான் தோப்பு இருக்கிறது. இன்று அங்கே காண்பது கடைகளும் வீடுகளுமே. வில்லியனூர் சாலை வழியாகப் புதுச்சேரி நகருக்குள் வரும் உழவர்கள் பட்டா நகல் எடுக்கவும், கடன் மனு தட்டச்சு செய்யவும் இங்குள்ள கணினிக் கடைகளை நாடுவதுண்டு. இத்தகைய கடைகளில் சில வேளை ஒரு தொல்லை நேரிடுகிறது. வலைத்தளத்திலிருந்து இறக்கிய கோப்பு கண்ணெதிரே காணாமற் போகிறது. "வைரஸ் இருந்தது, கணினியே அழித்துவிட்டது" என்று பதில் வருகிறது. ஆனால் கோப்பில் வைரஸ் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. ஆண்டிவைரஸ் எனப்படும் காவல் நிரல் நல்ல கோப்பையும் தவறாக அழிப்பதுண்டு. மனு கொடுக்க அன்றே கடைசி நாளாக இருந்தால், பயிர்க்கடன் ஒரு பருவம் தள்ளிப்போகும்.

தவறு எப்படி நேருகிறது?

நடவு வயலில் பழக்கமில்லாத ஆள் களையெடுத்தால் குதிரைவாலிப் புல்லோடு நெல்லையும் பிடுங்கிப் போட்டுவிடுவார். இளம் பருவத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். இலை தண்டோடு சேரும் இடத்தில் நெல்லுக்கு மெல்லிய சவ்வு உண்டு; புல்லுக்கு அது இல்லை. இந்த அடையாளம் தெரிந்தவர் ஏமாறுவதில்லை.

காவல் நிரலும் அடையாளம் பார்த்தே வேலை செய்கிறது. முன்பு பிடிபட்ட வைரஸ்களின் துண்டுகளைப் பட்டியலிட்டு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கோப்பிலும் அவற்றைத் தேடுகிறது. நல்ல கோப்பு ஒன்றில் அதேபோன்ற துண்டு தற்செயலாக இருந்துவிட்டால் அதுவும் களையாகிவிடும்.

நடத்தையை வைத்துச் சந்தேகிப்பதும் உண்டு. தமிழ்த் தட்டச்சுக்கு உதவும் நிரல்களை எடுத்துக்கொள்வோம். (அவற்றில் ஒன்றுக்கு 'எ-கலப்பை' என்றே பெயர் வைத்தார்கள்.) விரல் அழுத்தும் ஒவ்வோர் எழுத்தையும் வழியிலேயே வாங்கி, தமிழாக மாற்றித் தருவது இவ்வகை நிரலின் வேலை. கடவுச்சொல் திருடும் நிரலும் விசையழுத்தத்தை வழியில்தான் பிடிக்கிறது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே.

மேலும், பல இலட்சம் பேர் பயன்படுத்தும் கோப்பை நிரல் எளிதில் நம்புகிறது. ஊர் இளைஞர் ஒருவர் பால் சங்கக் கணக்குக்காக எழுதிக் கொடுத்த நிரல் நாலைந்து கணினிகளில் மட்டுமே இருக்கும். அதைத் தெரியாத ஆளாகப் பார்க்கிறது. சிறியவர்களுக்கு இதில் நியாயம் குறைவுதான்.

பெரிய நிறுவனமும் தவறியது

2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி நிறுவனம் அனுப்பிய அன்றாடப் பட்டியலில் ஒரு பிழை இருந்தது. விண்டோஸ் எக்ஸ்பி இயங்குவதற்கே இன்றியமையாத 'எஸ்விசிஹோஸ்ட்' என்ற கோப்பை அது வைரஸ் என்று பிடித்தது. பல நாடுகளில் கணினிகள் திரும்பத் திரும்ப அணைந்து எழுந்தன. ஆஸ்திரேலியாவில் பெரிய மளிகைக் கடைத் தொடர் ஒன்றின் சில கிளைகள் அன்று மூடப்பட்டன. அதற்கு முன் 2007 மே மாதம் சீன மொழி விண்டோஸ் கோப்புகள் இரண்டை சைமென்டெக் நிறுவனத்தின் நிரல் இதேபோல் பிடித்தது.

இறக்கிய கோப்பின் அருமை புதுச்சேரிப் பகுதிக்குப் புதிதல்ல. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் வில்லியனூரை மையமாகக் கொண்டு கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. அவற்றில் ஒன்றான வீராம்பட்டினம் மையத்தில், அமெரிக்கக் கடற்படையின் தளத்திலிருந்து இறக்கிய அலை உயர விவரத்தை ஒலிபெருக்கியில் மீனவர்களுக்கு அறிவித்தார்கள். ஒரு கோப்பு வராமற் போனால், கட்டுமரம் தள்ளுவதா வேண்டாமா என்பதற்கு ஒரு தகவல் குறையும்.

செய்ய வேண்டியது

காவல் நிரல் பெரும்பாலும் கோப்பை உடனே அழிப்பதில்லை. 'குவாரண்டைன்' என்ற தனியிடத்தில் அடைத்து வைக்கிறது. நோய் கண்ட மாட்டைத் தனியே கட்டுவது போன்றது இது. விண்டோஸ் கணினியானால் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்ற பகுதியில் 'புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி'யைத் திறந்தால் எந்தக் கோப்பு, என்ன பெயரில் பிடிபட்டது என்று தெரியும். அங்கேயே திரும்ப எடுக்க 'ரீஸ்டோர்' வசதியும் உண்டு. ஆனால் விசாரிக்காமல் அதை அழுத்தக் கூடாது.

முதலில் கோப்பு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். அரசின் சொந்தத் தளமா, இடையில் யாரோ கொடுத்த இணைப்பா? ஐயமானால் கோப்பை 'வைரஸ்டோட்டல்' தளத்தில் சோதிக்கலாம். 2004இல் ஸ்பெயினில் தொடங்கி 2012இல் கூகுள் வசமான இத்தளம், பல காவல் நிரல்களின் கருத்தை ஒரே இடத்தில் காட்டுகிறது. ஒன்றிரண்டு மட்டும் குறை சொன்னால் தவறான பிடிப்பாக இருக்க வாய்ப்புண்டு. பெயர் பெற்ற பல நிரல்கள் ஒருமுகமாகச் சொன்னால் கோப்பைக் கைவிடுவதே நலம். வந்து ஓரிரு நாளே ஆன புது வைரஸைப் பல நிரல்கள் அறியா என்பதையும் நினைவிற் கொள்க. பட்டா, ஆதார், வங்கிப் புத்தக நகல்களை அத்தளத்தில் ஏற்றக் கூடாது. அங்கு ஏற்றுவதைப் பிறரும் பெற முடியும்.

தவறான பிடிப்பு என்று உறுதியானால் அந்த ஒரு கோப்புக்கு மட்டும் விலக்குக் கொடுத்து, காவல் நிரலின் நிறுவனத்துக்கும் கோப்பை அனுப்பலாம். அவர்கள் பட்டியலைத் திருத்துவார்கள். தொல்லை தாங்காமல் காவலையே நிறுத்திவிடும் கடைகளில் வங்கி வேலை எதையும் செய்யாதிருப்பது நல்லது.

கைபேசியில் வேறு கணக்கு

பிஎம் கிசான் தொகை என்று சொல்லி வாட்ஸ்அப்பில் 'ஏபிகே' கோப்புகள் வருகின்றன. இவை பெரும்பாலும் வங்கிப் பணத்தைச் சுருட்டும் போலிகள். இங்கே கைபேசி தடுத்தால் அதன் பேச்சைக் கேட்பதே சரி. முன்பே நிறுவிப் பணம் போயிருந்தால், நேரம் கடத்தாமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும். வங்கிக்கும் உடனே தெரிவித்துக் கணக்கை நிறுத்தி வைக்கச் சொல்ல வேண்டும்.