கொல்லையின் பட்டமும் மாடியின் பட்டமும்

தஞ்சை, கும்பகோணம், மாயவரம் பக்கத்துப் பழைய வீடுகளில் வாசலில் நின்று பார்த்தால் ரேழி, கூடம், அடுப்படி எல்லாம் தாண்டி, கடைசிக் கதவுக்கு அப்பால் பச்சையாக வெளிச்சம் தெரியும். அதுதான் கொல்லை. கிணற்றடியில் தொடங்கும். துவைகல்லிலிருந்து வழிந்தோடும் தண்ணீரின் கரையில் வாழை, அதையொட்டிச் சேம்பு, ஈரம் தேங்கும் இடத்தில் கல்வாழை. அரிசி களைந்த நீரும் புளித்துப்போன மோரும் கறிவேப்பிலைக்கு. தோட்டத்துக்கென்று தனியாகத் தண்ணீர் இறைப்பது கோடையில்தான். அதுவும் கீரைப்பாத்திக்கு மட்டும்.

என்ன விதைப்பது, எப்போது விதைப்பது என்று யாரும் உட்கார்ந்து யோசித்ததில்லை. சித்திரை, வைகாசியில் கோடை மழை மண்ணை நனைத்ததும் சேனையும் கருணையும் மஞ்சளும் குழிக்குள் போகும். ஆடிப்பெருக்குக்கு முன்னே பின்னே அவரை, புடலை, பீர்க்கு, சுரை. பந்தலுக்குச் சவுக்குக் கொம்பு, மூங்கில் கழி. பரங்கிக்குப் பந்தல் கிடையாது. மாட்டுக்கொட்டகைக் கூரைமேல் ஏற்றிவிட்டால் அது பாட்டுக்குப் படரும். ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டால் கொல்லையில் ஒரே ஒரு வேலைதான்: முருங்கை மரத்தில் அப்பிக் கிடக்கும் கம்பளிப்பூச்சியை, கழி நுனியில் கந்தலைச் சுற்றி எண்ணெயில் நனைத்துக் கொளுத்திப் பொசுக்குவது. மார்கழியில் வாசல் கோலத்துக்குப் பூசணிப்பூ. தையில் பொங்கல் குழம்புக்கு வேண்டிய அத்தனையும், பானையில் கட்ட மஞ்சள் கொத்து உட்பட, கொல்லையிலிருந்தே வரும்.

இதைச் சொல்லும்போது எல்லோருக்கும் கண் கலங்கிவிடுகிறது. கலங்காமல் சொல்ல வேண்டியதும் உண்டு. கார்த்திகை, மார்கழி முழுக்க அவரைக்காய்தான். கறி, கூட்டு, சாம்பார், மறுபடியும் கறி. பங்குனி பிறந்தால் கிணறு அடியைத் தொட்டுவிடும், கொல்லை காய்ந்து கிடக்கும், வத்தலும் வடகமும்தான் கதி. பந்தல் கட்டியது ஆண்களாக இருக்கலாம். விதையிலிருந்து வத்தல் வரை மீதி முழுவதும் பெண்கள் தலையில். இருட்டியபின் கொல்லைப் பக்கம் போவதென்றால் பாம்புப் பயம் வேறு.

அந்தப் பெண்கள் விதை காத்த முறையை மட்டும் நின்று கவனிக்க வேண்டும். முதல் காய்ப்பில் நல்ல சுரைக்காய் ஒன்றைப் பறிக்காமல் விட்டு, கொடியிலேயே முற்ற வைப்பார்கள். அதில் ஒரு துணி கட்டியிருந்தால் யாரும் தொடக் கூடாது என்று அர்த்தம். பரங்கி, சுரை விதைகளைச் சாணத்தில் பொதிந்து, வரட்டி தட்டுவதுபோல் கொல்லைச் சுவரில் தட்டிவிடுவார்கள். காய்ந்து இறுகிய சாணத்துக்குள் வண்டு போகாது. ஆடியில் அதைப் பெயர்த்தெடுத்து அப்படியே குழியில் வைத்தால் விதையும் எருவும் ஒன்றாகவே மண்ணுக்குப் போய்விடும். அவரை விதைக்குச் சாம்பல். ஒரு வீட்டில் விதை தவறிப்போனால் அடுத்த வீட்டில் இருக்கும். ஊர் முழுக்கச் சேர்த்துத்தான் ஒரு விதைக் களஞ்சியம்.

கொல்லை ஒரே நாளில் போகவில்லை. முதலில் வீட்டோடு சேர்ந்த குளியலறை வந்தது. அழுக்குத் தண்ணீர் குழாய் வழியே செப்டிக் டேங்குக்குப் போனது. வாழை நின்ற இடம் காய்ந்தது. பிறகு மகனுக்குக் கல்யாணம் என்று பின்னால் ஓர் அறை. ஓட்டு வீடு கான்கிரீட் ஆனபோது மிச்ச இடத்தில் சிமென்ட் போட்டுவிட்டார்கள், செருப்பில் சேறு ஒட்டாமல் இருக்க. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே தமிழ்நாட்டில் ஏறக்குறைய பாதிப் பேர் நகரவாசிகள். நகரத்தில் மண் கிடைத்தால்தானே?

மாடி அப்போதும் இருந்தது. வடாம் காயப்போட, துணி உலர்த்த. 2013-14இல் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத் திட்டத்தைத் தொடங்கி, பை, விதை, நார்க்கழிவு எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக மானிய விலையில் கொடுத்தபோது பலர் மாடியை முதல்முறையாகத் தோட்டக் கண்ணோடு பார்த்தார்கள். எல்லாவற்றுக்கும் அடிப்படை பொள்ளாச்சிப் பக்கத்துத் தேங்காய் நார்க்கழிவு. ஒரு காலத்தில் கயிற்று ஆலைகளின் வெளியே மலைமலையாகக் குவிந்து கிடந்த குப்பை. இப்போது ஐந்து கிலோ கட்டியாக அழுத்தி விற்கிறார்கள். தண்ணீரில் ஊறப்போட்டால் பெரிய அண்டா நிறையப் பொங்கும். எடையில்லை, ஈரம் பிடிக்கும். ஆனால் சத்து என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. மண்புழு உரம், வேப்பம் புண்ணாக்கு, மீன் அமிலம், பஞ்சகவ்யம் என்று எதையாவது வாரா வாரம் ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கொல்லை மண் தானே சமைத்துத் தின்றது. பைக்கு ஆள் வேண்டும்.

பருவம் தலைகீழானது இங்கேதான். மழைக்காலம் கொல்லைக்கு ஓய்வு. மாடிக்கு அதுதான் கண்டம். நாலு நாள் விடாமல் பெய்தால் பையில் ஊட்டியது அத்தனையும் கரைந்து வடிகுழாய் வழியே போய்விடும், வேர் அழுகும். காற்று வேறு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது சென்னையில் மரங்களே வேரோடு சாய்ந்தன. மாடிப் பந்தல் எம்மாத்திரம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வருகிறது என்று தெரிந்ததும் எங்கள் தெருவில் மாடிக்கு மாடி பேச்சு.

“அக்கா, பாகல் பந்தலை என்ன பண்ணப் போறீங்க?”

“அறுத்துப் போட்டுட்டேன்டி. காய் போனாப் போகுது, கம்பி பறந்து யார் தலையிலயாவது விழுந்தா யார் பதில் சொல்றது?”

கோடையோ கான்கிரீட்டின் கோடை. வெயில் மேலிருந்து இறங்குவது போதாதென்று தரையும் இரவெல்லாம் சூட்டைக் கக்கும். பச்சை நிழல்வலை இல்லாமல் மேயில் ஒரு தக்காளிச் செடியை நிறுத்த முடியாது. பூ பூக்கும், பிஞ்சு பிடிக்காமல் உதிரும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, குடிக்கவே லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றபோது செடிக்கு ஊற்ற மனசு வருமா? ஏசியிலிருந்து சொட்டுவதைப் பிடித்து ஊற்றினார்கள். வடிகட்டும் எந்திரம் கழித்துவிடும் தண்ணீரையும் ஊற்றிப் பார்த்தார்கள். அதில் உப்பு அதிகம். இலை ஓரம் கருகிச் சுருண்டது. கொல்லை நாட்களில் வீட்டுத் தண்ணீர் இரண்டாவது முறை உழைத்தது என்பதை அந்தக் கோடை பலருக்கு நினைவூட்டியது.

பூச்சிகளின் பஞ்சாங்கமும் மாறிவிட்டது. கம்பளிப்பூச்சி மழையோடு வந்து மழையோடு போகும். மாவுப்பூச்சிக்கு நேரம் காலம் கிடையாது. மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோவையில் தென்பட்டது. இரண்டு வருடத்துக்குள் பப்பாளி, செம்பருத்தி, மரவள்ளி என்று தொட்டதெல்லாம் வெள்ளை பூத்துச் சூம்பியது. எந்த மருந்துக்கும் அடங்காததை, 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்துவிட்ட கடுகிலும் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகள் அடக்கின. கிராமத்தில் மிச்சமிருக்கும் கொல்லைகளிலோ இப்போது பூச்சியைவிட மயில் தொல்லை. விதைத்த மறுநாளே கிளறிவிட்டுப் போகிறது, கோழியைப் போல ‘சூ’ என்றால் போவதுமில்லை.

ஐந்தாவது மாடியில் தேனீயை நம்பி இருக்க முடியாது, மகரந்தம் சேர்க்கும் வேலையை மனிதர்கள் செய்கிறார்கள். பரங்கியின் ஆண் பூவுக்குக் காம்பு மெலிசாக நீண்டிருக்கும். பெண் பூவின் அடியில் குட்டிப் பரங்கியே உட்கார்ந்திருக்கும். காலை ஆறு மணியிலிருந்து எட்டுக்குள் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, பெண் பூவில் மெல்லத் தேய்க்க வேண்டும். வெயில் ஏறினால் பூ மூடிக்கொள்ளும், பிஞ்சு மஞ்சளாகி விழும். வேலைக்குப் போகிற அவசரத்தில் மாடிக்கு ஓடிப்போய் இதைச் செய்துவிட்டு வருகிறவர்களை எனக்குத் தெரியும். கொல்லை வைத்திருந்த தலைமுறையில் எத்தனை பேருக்கு ஆண் பூ, பெண் பூ தெரிந்திருக்கும்? தெரிய வேண்டிய தேவையே இல்லை.

மாடி புதிதாகச் சேர்த்த பருவமும் ஒன்று உண்டு. புரட்டாசியில் குழித்தட்டில் முளைக்க வைத்த காலிஃபிளவர், முட்டைக்கோஸ், நூல்கோல் நாற்றுகளை மழை ஓய்ந்து ஓய்ந்து பெய்யும் ஐப்பசியில் பைக்கு மாற்றினால், இரவு 20 டிகிரியை ஒட்டி இறங்கும் மார்கழி, தையில் சென்னையிலேயே விளைகின்றன. ‘இங்கிலீஷ் காய்கறி’ என்று பாட்டிகள் ஒதுக்கிவைத்தவை. பொங்கல் குழம்பில் அவற்றுக்கு இன்னும் இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் எல்லா விதையும் மாடிக்காரர் சொன்னபடி ஆடாது. இன்று கடையில் வாங்கும் வெண்டையும் குத்து அவரையும் எந்த மாதம் போட்டாலும் நாள் கணக்குப்படி காய்க்கும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த செடிமுருங்கை விதை போட்ட ஆறு மாதத்தில் காயைக் கையில் கொடுக்கும். போத்து வெட்டி நட்டுக் காத்திருந்த மரமுருங்கையின் கதை வேறு. பழைய கொடி அவரை மட்டும் மசிவதில்லை. விதைத் திருவிழாவில் ஆசையாக வாங்கி வந்து மாசியில் போட்டவர்கள், ‘இலையாக் கொழிக்குது, ஒரு பூ இல்லை, உரம் அதிகமோ?’ என்று ஊரெல்லாம் கேட்பார்கள். உரத்தில் குறையில்லை. அது பகல் குறுகினால்தான் பூக்கும் ஜாதி. சென்னையில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். அந்த வித்தியாசம் கொடிக்குத் தெரியும். மாசியில் போட்டாலும் ஆடியில் போட்டாலும் ஐப்பசி பிறக்காமல் பூவெடுக்காது. ஆடியில் போட்டால் காத்திருப்பு மிச்சம். விதைக்கும் பட்டத்தை வகுத்தவர்கள் பகலை அளக்கவில்லை. பூக்கும் மாதத்திலிருந்து பின்னோக்கி எண்ணி, கொடி பந்தல் ஏற எவ்வளவு நாள் என்று கண்டு வைத்திருக்கிறார்கள்.

சித்திரையில் மட்டும் கொல்லையும் மாடியும் ஒத்துப்போகின்றன: இரண்டிலும் மண்ணைக் கிளறும் மாதம். எங்கள் தெருவில் இப்போது பைகளைக் கவிழ்த்து, வேரைப் பொறுக்கி, பழைய கலவையை வெயிலில் பரப்பியிருக்கிறார்கள். கொத்தவரையும் தண்டுக்கீரையும் வலைக்கடியில் தாக்குப்பிடிக்கின்றன. மல்லிகைக்கு மட்டும் நிழல் ஆகாது. அந்த மூலையில் வலையைச் சுருட்டிக் கட்டிவிட்டு, சாயங்காலம் மொட்டு பறிக்க யார் முறை என்று இரண்டு வீட்டுக்குள் தகராறு நடந்துகொண்டிருக்கிறது.