இருமல் தாத்தாவுக்கு முகம் கிடையாது

அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் மிருதங்கம் படிக்கிற பையன் ஒருவன் எனக்குப் பழக்கம். சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் கடலூர் சாலை டீக்கடைக்கு வந்துவிடுவான். போன வாரம் கையில் ஒரு நோட்டோடு வந்தான். குறும்படத்துக்குக் கதை எழுதியிருக்கிறானாம். வாங்கிப் பார்த்தேன். 12 நிமிடப் படம், 14 இடங்களில் நடக்கிறது. கடற்கரைச் சாலை, நோணாங்குப்பம் படகுத்துறை, வில்லியனூர் கோயில் என்று யூனியன் பிரதேசத்தையே ஒரு சுற்று சுற்றியிருந்தான்.

"அண்ணே, நாடகம் எழுதுறதா, சினிமாவா, சீரியலா? எதுல போனா பொழைக்கலாம்?"

"மூணுலயும் பொழைச்ச ஒருத்தரைப் பத்திச் சொல்றேன். முதல்ல டீ சொல்லு."

கே. பாலசந்தர் 1930இல் நன்னிலம் பக்கத்தில் நல்லமாங்குடியில் பிறந்தவர். நமக்குப் பக்கத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தார். பிறகு சென்னை ஏ.ஜி. ஆபீசில் குமாஸ்தா வேலை. இந்த வேலையைச் சும்மா தாண்டிப் போய்விடக் கூடாது, அவர் எழுத்தே அதிலிருந்துதான் வந்தது.

ஏன் என்றால், அதற்கு முந்தைய நாடகக்காரர்களின் பிழைப்பு வேறு மாதிரி. நம் ஊர்க் கருவடிக்குப்பத்தில் சமாதி கொண்டிருக்கிறாரே சங்கரதாஸ் சுவாமிகள், 1922இல் புதுச்சேரியில் காலமானவர், அவர் 1918இல் மதுரையில் ஆரம்பித்தது பாய்ஸ் கம்பெனி. பையன்கள் அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே தூங்கி, பாட்டும் வசனமும் பாடம் செய்தார்கள். நாடகம் விடிய விடிய நடக்கும். பாலசந்தரின் ராகினி ரிக்ரியேஷன்ஸ் அப்படியில்லை. ஆபீஸ் விட்ட பிறகு கூடுகிற கூட்டம். ஒத்திகை சாயங்காலம், நாடகம் சபாவில் இரண்டரை மணி நேரம், மறுநாள் காலையில் மறுபடி கோப்பு. இதில் ஏழு திரையும் அரண்மனையும் கட்டுப்படியாகுமா? ஒரு வீடு, ஒரு ஆஸ்பத்திரி அறை, அவ்வளவுதான். இடம் சுருங்கினால் ஆட்களை ஒருவரோடு ஒருவர் மோதவிட்டே ஆகவேண்டும்.

அவருடைய 'மேஜர் சந்திரகாந்த்' நாடகம் எப்படி ஓடுகிறது பார். ஓய்வு பெற்ற மேஜருக்குக் கண் தெரியாது. கொலை செய்துவிட்டு ஓடி வருகிறவனுக்கு அவர் அடைக்கலம் கொடுக்கிறார். அவன் கொன்றது அவருடைய மகனையே. அறையில் அவருக்கு எதிரே யார் நிற்கிறான் என்பது கடைசி வரிசையில் கடலை தின்கிறவனுக்குக்கூடத் தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது. இதற்கு ஒரு நாற்காலியும் ஒரு கதவும் போதும். அந்த வேடம் கட்டிய சுந்தரராஜனுக்குக் கடைசிவரை 'மேஜர்' என்பதே முன்பெயராகிவிட்டது.

1964இல் சினிமா கூப்பிட்டது. எம்.ஜி.ஆர். நடித்த 'தெய்வத்தாய்'க்கு வசனம் எழுதினார். அதே வருடம் அவருடைய 'சர்வர் சுந்தரம்' கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் நாகேஷ் நடித்துப் படமானது. அடுத்த வருடம் 'நீர்க்குமிழி'யில் தானே இயக்குநர். அதுவும் மேடையில் போட்ட நாடகம்தான். ஆஸ்பத்திரியை விட்டுக் கதை வெளியே போவதில்லை.

"அப்ப நாடகத்தையே கேமராவுல புடிச்சிட்டாரா?"

பலர் அப்படிச் சொன்னார்கள், பாதி உண்மையும்கூட. ஆனால் 1968இல் வந்த 'எதிர்நீச்ச'லை எடுத்துக்கொள். பல குடித்தனங்கள் இருக்கிற வீடு. மாடிப்படிக்கு அடியில் மாது, நாகேஷ். எல்லோருக்கும் எடுபிடி வேலை செய்து, மிச்சத்தைச் சாப்பிட்டுப் படிக்கிறவன். நாயர், கிட்டு மாமா, பட்டு மாமி என்று கதவுக்கு ஒரு குடும்பம். இத்தனை பேருக்கு நடுவில் இருமல் தாத்தா என்று ஒருவர். அவர் முகத்தைக் கடைசிவரை காட்டமாட்டார்கள். இருமல் மட்டும் கேட்கும். அந்த இருமலைக் கேட்டே தாத்தாவின் கட்டில், போர்வை, எச்சில் படிக்கம் எல்லாவற்றையும் நாமே மனசுக்குள் கட்டிக்கொள்கிறோம். பக்கவாட்டுத் திரைக்குப் பின்னாலிருந்து ஆளை உண்டாக்குவது மேடைக்காரன் வித்தை. கேமரா கையில் வந்ததும் எல்லோரும் அந்த அறைக்குள் நுழைந்து பார்த்திருப்பார்கள். இவர் நுழையவில்லை. நாடகத்திலிருந்து எதைக் கொண்டுவரலாம் என்று தெரிந்தவர் செய்கிற காரியம் அது.

எப்போதும் இந்த நிதானம் இருந்தது என்று சொல்ல மாட்டேன். மேசை மேல் இருக்கிற பொருளுக்கெல்லாம் அர்த்தம் ஏற்றி நம்மைக் களைப்பாக்கிய படங்களும் உண்டு. 'அவர்க'ளில் கமல் கையில் இருந்த பேசும் பொம்மை மட்டும் எனக்கு இன்னும் பிடிக்கும். அவன் சொல்லத் தயங்குவதை அது சொல்லிவிடும்.

மேடைக்கும் சினிமாவுக்கும் உள்ள வித்தியாசம் 'தண்ணீர் தண்ணீ'ரில் தெளிவாகத் தெரியும். கோமல் சுவாமிநாதன் மேடையில் போட்ட நாடகம். மேடையில் வறட்சியைக் காட்ட முடியாது, பேசித்தான் ஆகவேண்டும். 1981இல் படமானபோது வெடித்த மண்ணும் குடம் தூக்கி நடக்கிற தூரமும் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டன. வசனம் பார்த்துக்கொண்டிருந்த வேலையில் பாதியை நிலம் எடுத்துக்கொண்டது. அந்த வருடம் சிறந்த திரைக்கதைக்கான தேசிய விருது பாலசந்தருக்குக் கிடைத்தது. எழுதிய சொல்லில் எதை நிறுத்திக்கொள்வது என்ற கணக்குக்குத்தான் அந்த விருது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

"சீரியலுக்கு ஏன் போனாரு? படம் ஓடலையா?"

அறுபது வயதை ஒட்டித் தூர்தர்ஷனுக்கு 'ரயில் சிநேகம்' எடுத்தார். பிறகு 'கையளவு மனசு', 'பிரேமி' என்று தொடர்ந்தது. பெரிய இயக்குநர் சின்னப் பெட்டிக்குள் போவதை இறக்கமாகப் பார்த்த காலம். அவருக்கு அது கஷ்டமாக இருந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் வீட்டில் சீரியல் எப்படிப் பார்க்கிறார்கள்? அம்மா முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டே பார்ப்பார். பார்ப்பார் என்பதைவிடக் கேட்பார் என்று சொல். தலை நிமிராமலே எந்த மருமகள் பேசுகிறாள் என்று தெரியவேண்டும். இருமலை வைத்து ஆளைக் காட்டியவருக்கு இது பழைய தொழில்தானே.

இன்னொன்று, சீரியலில் கதை முடிந்த பிறகும் ஆட்கள் இருந்தாகவேண்டும். 1985இல் வந்த 'சிந்து பைரவி' பார்த்திருப்பாய். உன் வாத்தியத்தை டெல்லி கணேஷ் வாசிப்பாரே, அந்தப் படம். சிந்து தன் குழந்தையைப் பைரவியிடமும் அவள் கணவர் ஜே.கே.பி.யிடமும் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். படம் அங்கே முடிந்துவிடலாம். சினிமாவுக்கு அந்தப் பிரிவு போதும். குழந்தை வளர்ந்தால் கேள்வி கேட்குமே? அதற்குப் பதினெட்டு வருடம் கழித்து 'சஹானா' என்று தொடர் எடுத்தார். படத்தின் முடிவு தொடருக்கு முதல் அத்தியாயம் ஆகிவிட்டது.

2010ஆம் வருடத்துக்கான தாதாசாகேப் பால்கே விருது வந்தது. 2014 டிசம்பர் 23ஆம் தேதி காலமானார்.

பையன் கொஞ்ச நேரம் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தான். படகுத்துறை போனது. வில்லியனூர் போனது. கடற்கரைச் சாலையை அடிக்க மனசு வராமல் கொஞ்சம் யோசித்து, அதையும் அடித்தான். மிச்சம் ஒரு வீடும் ஒரு திண்ணையும்.

"அரிக்கமேடு மட்டும் இருக்கட்டுமாண்ணே? அந்த இடிஞ்ச செங்கல் சுவரு?"

"அங்க என்னடா நடக்குது?"

"ஒண்ணும் நடக்கல. பாக்க நல்லா இருக்கும்."

கடைக்காரரைப் பார்த்து இன்னும் இரண்டு டீ என்றேன்.