முன்னுரையும் மூலமும்

பழந்தமிழ் நூலைக் கையில் எடுப்போர் பலர், முன்னுரைப் பக்கங்களை ஒருசேரப் புரட்டிவிட்டு மூலத்துக்குச் சென்றுவிடுகின்றனர். சில பக்கங்களுக்குள் சொல் தடுக்க, நூலையும் மூடிவிடுகின்றனர். முன்னுரை என்பது பதிப்பாசிரியர் தமக்குத் தாமே சூட்டிக்கொள்ளும் மாலை அன்று. நம் முன்னோர் அதனைப் பாயிரம் என்றனர். நன்னூல் அதற்கு ஏழு பெயர்கள் கூறும். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் கேட்க அரங்கேறியது என்பதைப் பனம்பாரனார் செய்த சிறப்புப் பாயிரத்தாலேயே அறிகிறோம்.

மலேசியத் தமிழாசிரியர்க்கு இனிய ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்து குவிந்த பொருள்களைச் சொல்லுமிடத்துப் பட்டினப்பாலை, 'காழகம்' என்னும் இடத்தைக் குறிக்கின்றது. அகராதியைப் பார்த்தால் ஆடை என்றும் கருமை என்றும் பொருள் காணலாம். நச்சினார்க்கினியரோ கடாரம் என்று உரை எழுதினார். கடாரம் இன்றைய கெடா என்பர். உடனே, 'சங்கப் புலவர் கெடாவைப் பாடினார்' என்று வகுப்பில் முழங்கத் தோன்றும். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1889இல் வெளியிட்ட பத்துப்பாட்டுப் பதிப்பில் உரையாசிரியர் வரலாற்றையும் சேர்த்திருக்கிறார். அதனைப் படித்தவர் சற்றே நிதானிப்பார். நச்சினார்க்கினியர் பதினான்காம் நூற்றாண்டினர் என்பது பொதுவான கருத்து. இராசேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பு (1025) நிகழ்ந்து நெடுங்காலம் கழித்து எழுதியவர். ஆகவே காழகம் புலவர் சொல். கடாரம் உரையாசிரியர் கொண்ட பொருள். அது சரியாகவே இருக்கலாம். ஆயினும் யார் சொன்னது எது என்று பிரித்துரைப்பதே ஆசிரியர் கடன் அன்றோ?

மணிமேகலையின் நிலை வேறு. அதற்குப் பழைய உரையே கிடைக்கவில்லை. பௌத்தச் சொற்கள் விளங்காது ஐயர் இடர்ப்பட்ட காலத்தில், கும்பகோணம் கல்லூரியில் இருந்த மளூர் அரங்காசாரியார் பௌத்த நூற்செய்திகளை எடுத்துரைத்துத் துணைநின்றார். 1898இல் நூல் வெளிவந்தபோது ஐயர் தாமே எழுதிய அரும்பதவுரையோடு, புத்தர் வரலாறும் பௌத்த தருமமும் சங்கமும் பற்றிய பகுதிகளும் இடம்பெற்றன. அளவை நெறியையும் பன்னிரு சார்புகளையும் பேசும் இறுதிக் காதைகளை அத்துணையின்றி நுழைந்து பார்ப்பவர், பெரும்பாலும் ஆபுத்திரன் கதையோடு நின்றுவிடுவர்.

புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் இல்லை. பழைய உரையும் முதல் 266 பாடல்களுக்கே உண்டு. பின்வரும் பாடல்களில் காணும் புள்ளிக்கோடுகள் ஏடு சிதைந்த இடங்கள். இதனை அறியாத மாணவன் அவற்றை அச்சுப்பிழை என்றே நினைப்பான்.

முன்னுரையை மட்டும் படித்துவிட்டு மேடையேறுவோரும் உளர்; அவர்களைப் பற்றி ஈண்டுப் பேச வேண்டுவதில்லை. கதைச் சுருக்கத்தையும் உரையாசிரியர் வரலாற்றையும் முதலில் படித்து, மூலத்தைக் கற்றபின், பதிப்பாசிரியரின் முடிவுகளுக்குத் திரும்புதல் நன்று. காலம் பற்றிய முடிவுகளை மட்டும், அப்பதிப்பு வெளிவந்த ஆண்டை நோக்கியே கொள்ளவேண்டும்.

மலிவுப் பதிப்புகள் சில, முன்னுரையை நீக்கி மூலத்தை மட்டும் தருகின்றன. கம்போங் ராஜா போன்ற தேயிலைத் தோட்டப்புறத்தில் ஐயம் கேட்கப் பேராசிரியர் அருகில் இல்லாத ஆசிரியர்க்கு இஃது உண்மையான இழப்பு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய பதிப்புகள் பல, முன்னுரையோடு அப்படியே படியெடுத்து வைக்கப்பட்டுள்ளன. கையிலுள்ள மலிவுப் பதிப்போடு அவற்றை ஒப்பிட்டு, விடுபட்ட பக்கங்களைப் படியெடுத்துப் பள்ளி நூலகப் படியில் சேர்த்துத் தைத்து வைக்கலாம்.