உடையாத பல் எது?

இஸ்லாத்துக்கு முந்திய குலாப் யுத்தத்தில் அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரழி) அவர்களின் மூக்கு வெட்டுப்பட்டது. வெள்ளியில் ஒரு மூக்குச் செய்து வைத்துக்கொண்டார். அது நாறத் தொடங்கியது. தங்கத்தில் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் அவரைப் பணித்தார்கள். அறிஞர்கள் சிலர் தங்கள் பற்களைத் தங்கத்தால் கட்டியிருந்ததாகவும், அதற்கு இந்த ஹதீஸே ஆதாரம் என்றும் இமாம் திர்மிதி குறிப்பிடுகிறார். ஆண்களுக்குத் தங்கம் தடுக்கப்பட்டிருந்தும் இந்தச் சலுகை கிடைத்தது. உடம்பில் வைக்கும் பொருளைத் தேர்ந்தெடுப்பது அவ்வளவு பழைய பிரச்சினை.

இன்று வேர்ச் சிகிச்சை செய்த பல்லுக்கு மேலே போடும் உறையைக் 'கிரவுண்' என்கிறோம். எதனால் செய்வது என்று பல் வைத்தியர் கேட்டால் வீட்டில் பேசப்படுவது இரண்டுதான்: நிறமும் விலையும். உடையுமா என்று எவரும் கேட்பதில்லை.

என் உம்மம்மாவின் கடைவாய்ப் பல்லில் இருந்தது, உலோகத்தின் மேல் பீங்கான் படிந்த கிரவுண். ஒருநாள் புழுக்கொடியலைக் கடித்தபோது பீங்கான் செதில்போலப் பெயர்ந்துவிட்டது. உள்ளிருந்த உலோகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏன்?

பாரம் கூடினால் உலோகம் சற்று வளைந்து கொடுக்கும். பீங்கானுக்கு வளையத் தெரியாது. அதில் கண்ணுக்குப் புலப்படாத கீறல்கள் உண்டு. விசையெல்லாம் கீறலின் நுனியில் குவிய, கீறல் ஓடும். கண்ணாடி வெட்டுபவர் ஒரு கோடு கீறி மெல்லத் தட்டிப் பிளப்பதும் இதனால்தான். 1920இல் கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் இதைக் கணக்கிட்டு விளக்கினார். ஆக, பலம் வேறு, உடையாமை வேறு. தங்கக் கலப்புலோகம் மென்மையானது; ஆனாலும் அது வாயில் வெடிப்பது மிக அரிது.

வளைக்கும் விசைக்கு வெறும் பீங்கான் 100 மெகாபஸ்காலுக்குள்ளேயே முறிந்துவிடும். லிதியம் டைசிலிக்கேற்றுப் பளிங்குகள் நிறைந்த கண்ணாடிப் பீங்கான் ஏறக்குறைய 400 வரை தாங்கும்; ஒளி ஊடுருவுவதால் முன்பல்லுக்கு அழகு. சிர்கோனியா 1000 அளவுக்குப் போகும், கடைவாய்க்கு ஏற்றது.

சிர்கோனியாவின் சூட்சுமம் எனக்கு மிகவும் பிடித்தது. கீறல் ஓட முனையும்போது அந்த இடத்துப் பளிங்குகள் வடிவம் மாறி, 4 சதவீதமளவு பருத்து, கீறலை நெரித்து மறிக்கின்றன. 1975இல் கார்வி, ஹனிங்க், பாஸ்கோ ஆகிய மூவர் இதைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பே 'பீங்கான் உருக்கா?' என்பதுதான். இதன் மூலக் கனியமான சிர்க்கோன் எங்கள் புல்மோட்டைக் கடற்கரை மணலில் இல்மனைற்றோடு கலந்து கிடக்கிறது!

அதற்காகச் சிர்கோனியா என்றதும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. அழகுக்காக அதன்மேல் பீங்கான் பூசினால், அந்தப் பூச்சு உம்மம்மாவின் கிரவுண் போலவே பெயரலாம். பல்லைப்போல ஒளி ஊடுருவும்படி செய்யப்படும் சிர்கோனியா வகைகளுக்குப் பலம் குறைவு. அளவுக்கு மிஞ்சி மெல்லிதாகச் செய்தாலும் வெடிக்கும். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கமிருந்தால் அதை வெட்கப்படாமல் வைத்தியரிடம் முதலிலேயே சொல்லவேண்டும். பொருளையும் தடிப்பையும் அவர் தீர்மானிக்க அது அவசியம்.

கிரவுணைப் பொருத்தும்போது நிறத்தாளைக் கடிக்கச் சொல்வார்கள். எங்காவது உயர்ந்து இடறினால் "பரவாயில்லை" என்று எழுந்து வராதீர்கள். உயர்ந்த இடத்தை அராவினால், அந்த இடத்தைத் திரும்ப வழவழப்பாக்கச் சொல்லிக் கேளுங்கள். அராவிய சொரசொரப்பிலிருந்தும் கீறல் தொடங்கும். எதிர்ப்பல்லும் தேய்ந்து போகும்.