கேரட் ஏன் துவள்கிறது?

ஞாயிற்றுக்கிழமை வாங்கியபோது ஒடித்தால் 'பட்' என்று ஒலித்த கேரட், வியாழக்கிழமை ரப்பரைப் போல வளைகிறது. கோடைக்காலத்தில் பிச்சாட்டூரின் வீடுகளில் இது வழக்கமான காட்சி. வாரக்கூலி வாங்கி, வாரத்திற்கு ஒருமுறை காய்கறி வாங்கும் குடும்பத்திற்கு அரைக் கிலோ கேரட் வீணாவது சிறிய இழப்பன்று. பிள்ளைகளின் மதிய உணவில் ஒரு காய் குறைந்துபோகும்.

பிச்சாட்டூர், தமிழ்நாட்டு எல்லைக்கு அருகில் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. அங்குத் தெலுங்கு பேசுவோரும் தமிழ் பேசுவோரும் 'கேரட்' என்றே கேட்டு வாங்குகின்றனர். தமிழில் 'மஞ்சள் முள்ளங்கி' என்னும் பெயரும் உண்டு. ஆனால், அப்பெயரைச் சொன்னால் கடைக்காரர் முள்ளங்கியை எடுத்துத் தந்துவிடக் கூடும்!

கேரட் குளிர்ச்சியை விரும்பும் பயிர். நீலகிரி மலையிலும் கர்நாடகத்தின் கோலார்ப் பகுதியிலும் அது மிகுதியாக விளைகிறது. உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அத்தகைய குளிரில் வளர்ந்த கிழங்கு, 40 பாகை வெப்பத்தில் கொதிக்கும் சமவெளிக்கு வந்து சேர்கிறது.

கேரட்டின் எடையில் நூற்றுக்கு 88 பங்கு நீர். அந்நீர் உள்ளிருந்து அழுத்துவதனால்தான் அது விறைப்பாக நிற்கிறது. மெல்லிய தோலின் வழியாக நீர் ஆவியாகி வெளியேறினால் துவண்டுவிடும். அதோடு, பறித்த பின்னும் கேரட் உயிருடன் இருக்கிறது. அச்செடியின் வாழ்நாள் இரண்டு ஆண்டுகள். இரண்டாம் ஆண்டில் பூப்பதற்கு வேண்டிய உணவை முதல் ஆண்டில் வேரில் சேமிக்கிறது. அந்தச் சேமிப்பைத்தான் மனிதர் உண்கின்றனர். தலையில் இலைகள் இருந்தால் அவை வேரின் நீரை உறிஞ்சி வெளியேற்றும். ஆதலால் வீட்டிற்கு வந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, கிழங்கைக் காயப்படுத்தாமல் இலைகளை வெட்டி நீக்குவதே.

கடையில் கட்டித் தரும் பிளாஸ்டிக் பையோடு அப்படியே வைப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. பைக்குள் நீர்த்துளிகள் தேங்கும். அங்கே அழுகல் தொடங்கும். கேரட்டிற்கு ஈரமான காற்று வேண்டும்; உடல் நனைந்திருத்தல் ஆகாது. மலைக்கேரட் பெரும்பாலும் கழுவப்பட்டே விற்பனைக்கு வருவதால், அதை நிழலில் ஈரம் போக உலர்த்த வேண்டும். பின்பு, நனைத்து நன்றாகப் பிழிந்த பருத்தித் துணியில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் இட்டு, குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கலாம். இரண்டு மூன்று நாள்களுக்கு ஒருமுறை துணியை மாற்றினால் இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் தாங்கும். பெரிய குளிர்பதனக் கிடங்குகளில் 0 பாகைக் குளிரும் மிகுந்த ஈரக்காற்றும் தந்து மாதக்கணக்கில் வைக்கின்றனர்.

சித்தூர்ப் பகுதியில் மாம்பழப் பருவம் வரும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பழுக்கும் மாம்பழம், வாழைப்பழம், ஆப்பிள் ஆகியவை எத்திலீன் என்னும் வாயுவை வெளியிடுகின்றன. அவற்றோடு சேர்த்து வைத்த கேரட் கசந்துபோகும்.

குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில் என்ன செய்வது? அகன்ற மண்தொட்டி ஒன்றினுள் சிறிய மண்பானையை வைத்து, இரண்டிற்கும் இடையில் மணலை நிரப்பி, காலையும் மாலையும் மணலில் நீர் தெளிக்க வேண்டும். நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்வதால் உட்பானை குளிர்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இம்முறையிலேயே. புதுதில்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் இதே நெறியில், இரட்டைச் செங்கற்சுவர்களுக்கு இடையே ஈரமணல் இட்டு, மின்சாரம் வேண்டாத குளிரறையை உருவாக்கியது. வறண்ட கோடையில் இம்முறை நன்கு பயன்படும். காற்றிலேயே ஈரம் மிகுந்திருக்கும் மழைக்காலத்தில் அவ்வளவாகக் குளிராது.

துவண்ட கேரட்டைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. குளிர்ந்த நீரில் ஒரு மணி நேரம் இட்டால், இழந்த நீரை ஓரளவு உறிஞ்சி மீண்டும் விறைக்கும். மேற்பரப்பு வெளுத்திருந்தால் அது உலர்ந்ததன் அடையாளமே, உண்ணலாம். பிசுபிசுத்து நாற்றம் வீசினால் மட்டும் எருக்குழியில் இட வேண்டும்.

சமையலின்போது வெட்டிய கேரட்டின் தலைப்பகுதியைச் சிறிது நீருள்ள தட்டில் நிறுத்தி, சன்னலோரம் வைத்துப் பார்க்கலாம். சில நாள்களில் அதிலிருந்து பச்சை இலைகள் துளிர்க்கும்.